வேக டிக்கெட்டும் இரண்டு கணக்குப் புத்தகங்களும்: ஒன்ராறியோவில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

இரண்டு மாரிக்கு முன்னர் ஒரு நாள், இரவு பத்து மணி தாண்டி என் மருமகன் தொலைபேசியில் வந்தான். குரலில் கவலை இல்லை. கொஞ்சம் சந்தோசம்கூட இருந்தது.

“மாமா, டிக்கெட் ஒண்டு தந்திட்டாங்கள். ஆனா பொலிஸ்காரர் நல்ல மனிசன். அறுபது போட்ட ரோட்டில எண்பத்திரண்டில வந்தனான். எழுவத்தைஞ்சு எண்டு குறைச்சு எழுதித் தந்தவர். பொயின்ற்ஸ் ஒண்டும் இல்லையாம். கார்டில கட்டிப்போட்டு விடட்டே?”

“கட்டாதை. நாளைக்கு வா, பார்ப்பம்” என்றேன்.

மறுநாள் வந்தான். கட்டிவிட்டுத்தான் வந்தான். 52 டொலர் 50 சதம். நாலு பேர் கொத்துரொட்டி சாப்பிடுகிற காசு, பெரிய விசயமா என்று நினைத்திருப்பான். எட்டு மாதம் கழித்து இன்னொரு டிக்கெட். அதுவும் 15 கிலோமீற்றர்தான் கூட, அதிலும் புள்ளி இல்லை, அதையும் அன்றிரவே கட்டினான். அப்புறம்தான் காப்புறுதியைப் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. கடிதத்தைக் குசினி மேசையில் விரித்தான். பக்கத்தில், மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் எடுத்த தன் சாரதிப் பதிவை வைத்தான். “பொயின்ற்ஸ் சைபர் எண்டு போட்டிருக்கு. பிறகேன் மாமா ஏத்தினவங்கள்?”

அன்று அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எல்லாமே ஒன்ராறியோ சட்டப்படி. கனடாவின் வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

ஒரு டிக்கெட், இரண்டு புத்தகம்

நீங்கள் வேக டிக்கெட் ஒன்றில் குற்றவாளி என்று பதிவானதும் அது இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று, மாகாணப் போக்குவரத்து அமைச்சின் புள்ளிக் கணக்கு. மற்றது, காப்புறுதிக் கம்பனி உங்களைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு. அமைச்சு எண்ணுவது டிமெரிட் புள்ளிகளை, அதாவது குற்றத்துக்காகப் போடும் புள்ளிகளை. காப்புறுதிக்காரர் எண்ணுவது குற்றத்தீர்ப்புகளை, அதாவது எல்லோரும் ‘கன்விக்‌ஷன்’ என்று சொல்வதை. புள்ளி இல்லாத டிக்கெட்டும் ஒரு கன்விக்‌ஷன்தான். மருமகனின் பதிவில் புள்ளி சைபர், கன்விக்‌ஷன் இரண்டு. கம்பனி பார்த்தது அந்த இரண்டை.

இதை விளங்கிக்கொள்ளாததால்தான் நம் ஆட்கள் பலர் தவறான இடத்தில் போராடுகிறார்கள். “பொயின்ற்ஸ் எடுத்துவிட்டால் போதும்” என்று அலைந்து, புள்ளி போய்விட்டது என்று நிம்மதியாக வீடு திரும்பி, அடுத்த வருடம் காப்புறுதிக் கடிதத்தைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

முதல் புத்தகம்: புள்ளிகள்

இங்கே புள்ளி குறைவதில்லை, ஏறும். “எனக்கு 15 பொயின்ற்ஸ் இருந்தது, மூன்று போட்டுது” என்று சொல்வது பிழை. எல்லோரும் சைபரில் தொடங்குகிறோம். குற்றம் செய்யச் செய்ய மேலே சேருகிறது.

வேகத்துக்கான கணக்கு இது. எல்லைக்கு மேல் 15 கிலோமீற்றர் வரை புள்ளி இல்லை. 16 முதல் 29 வரை 3 புள்ளி. 30 முதல் 49 வரை 4. அதற்கும் மேல், 50 அல்லது கூட என்றால் 6. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவை உங்கள் பெயரில் இருக்கும், பிறகு விழுந்துவிடும்.

முழு ஜி லைசென்ஸ் உள்ளவருக்கு 2 முதல் 8 புள்ளி வரை எச்சரிக்கைக் கடிதம்தான். 9ஐத் தொட்டால் அமைச்சு கொஞ்சம் கடுமையாகப் பேசும். 15 ஆனால் லைசென்ஸ் 30 நாள் நிறுத்தம். இதை மட்டும் பார்த்தால், மாதம் ஒரு டிக்கெட் வாங்குகிறவரைத் தவிர மற்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

ஜி1, ஜி2 காரர்களின், அதாவது முழு ஜிக்கு முந்திய இரண்டு படிகளில் இருப்பவர்களின், கதை வேறு. புதிதாக வந்தவர்கள் பலரும் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள், அதனால் இதை நிறுத்தி வாசியுங்கள். இவர்களுக்கு 9 புள்ளியிலேயே 60 நாள் நிறுத்தம். அதைவிட முக்கியமானது, 4 அல்லது அதற்கு மேல் புள்ளியுள்ள ஒரே ஒரு குற்றத்தீர்ப்பு வந்தாலே 30 நாள் லைசென்ஸ் போகும். இரண்டாம் முறை 90 நாள். மூன்றாம் முறை லைசென்ஸே ரத்து. எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். அதாவது ஜி2 காரருக்கு, எல்லைக்கு மேல் 29ல் போனதற்கும் 30ல் போனதற்கும் இடையிலான அந்த ஒரு கிலோமீற்றர்தான் ஒரு மாதம் பேருந்தில் வேலைக்குப் போவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு கோடும் உண்டு. அதைத் தாண்டினால் அது வேக டிக்கெட்டாகவே இருக்காது. 80க்குக் குறைவான எல்லையுள்ள வீதியில் எல்லையைவிட 40 கூடப் போனாலும், 80 அல்லது அதற்கு மேல் எல்லையுள்ள வீதியில் 50 கூடப் போனாலும், எங்கேயானாலும் 150ஐத் தொட்டாலும், சட்டம் அதை ‘ஸ்டண்ட் டிரைவிங்’ என்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ சினிமாச் சண்டைக் காட்சி மாதிரி இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து, வெறிச்சோடிக் கிடக்கும் 60 வீதியில் 100ல் வந்தால் அதுவே ஸ்டண்ட்தான். வீதியோரத்திலேயே லைசென்ஸ் 30 நாளுக்கும் வாகனம் 14 நாளுக்கும் போய்விடும். காரை இழுத்துப்போன செலவும் நிறுத்திவைத்த செலவும் உங்கள் தலையில். இதெல்லாம் நீதிமன்றம் போகும் முன்னரே. குற்றம் நிரூபணமானால் தண்டப்பணம் 2,000 டொலரில் தொடங்கி 10,000 வரை போகலாம், 6 புள்ளி, முதல் தடவையே ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை லைசென்ஸ் நிறுத்தம். சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கமெராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. தானியங்கி வேகக் கமெராக்களை மாகாண அரசு 2025 நவம்பர் 14 முதல் தடை செய்துவிட்டது. ரொறன்ரோவில் பார்க்சைட் டிரைவில் நின்ற கமெராவை அதற்கு முன்னரே யாரோ பலமுறை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், அது தனிக் கதை. சிவப்பு விளக்குக் கமெராக்கள் இன்னும் இருக்கின்றன. அந்த டிக்கெட் 325 டொலர், வண்டியின் சொந்தக்காரருக்கு வரும். யார் ஓட்டியது என்று கமெராவுக்குத் தெரியாததால் புள்ளி இல்லை, சாரதிப் பதிவிலும் ஏறாது, காப்புறுதியையும் தொடாது. கட்டிவிட்டு மறக்கலாம். பொலிஸார் கையில் தரும் டிக்கெட்டையும் இப்படி நினைத்துக் கட்டிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

இரண்டாவது புத்தகம்: காப்புறுதி

காப்புறுதிக் கம்பனிகள் குற்றத்தீர்ப்புகளைச் சிறியவை, பெரியவை, பாரதூரமானவை என்று மூன்று வகையாகப் பிரிக்கின்றன. எல்லைக்கு மேல் 49 வரையான வேகம் பெரும்பாலான கம்பனிகளில் சிறிய வகை. பாடசாலை வலயத்தில் வேகமாகப் போனதைப் பெரிய வகையில் போடும் கம்பனிகளும் உண்டு. ஸ்டண்ட் டிரைவிங்கும் லைசென்ஸ் நிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டுவதும் பாரதூரமானவை.

இங்கே கவனிக்க வேண்டியது, 5 கிலோமீற்றர் கூடப் போனதும் சிறியது, 35 கூடப் போனதும் சிறியது. அமைச்சின் கணக்கில் ஒன்றுக்குப் புள்ளியே இல்லை, மற்றதற்கு 4. காப்புறுதிக் கணக்கில் வழக்கமாக இரண்டும் ஒரே கோடு. நல்ல மனிசன் குறைத்து எழுதித் தந்ததால் மருமகனுக்குத் தண்டப்பணத்திலும் புள்ளியிலும் லாபம். காப்புறுதியில் ஒரு சதமும் லாபமில்லை.

குற்றத்தீர்ப்பு பதிவான நாளிலிருந்து வழக்கமாக மூன்று வருடம் கம்பனி அதைக் கணக்கில் எடுக்கும். புள்ளிக்கு இரண்டு வருடம், அதுவும் குற்றம் நடந்த நாளிலிருந்து. காப்புறுதிக்கு மூன்று, அதுவும் தீர்ப்பு நாளிலிருந்து. புத்தகம் இரண்டு என்று சொன்னேனே, நாட்காட்டியும் இரண்டு.

எவ்வளவு ஏறும்? கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒவ்வொன்றும் தன் கட்டண முறையை மாகாண ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கும். முதல் சிறிய டிக்கெட்டுக்குச் சில கம்பனிகள் ஒன்றும் செய்யாது. சில, குற்றமில்லாச் சாரதி என்று தந்துவந்த கழிவை மட்டும் வெட்டும். இரண்டாவது வந்தால் ஏறாமல் இருப்பது அரிது. மூன்று வருடத்துக்குள் மூன்று, நான்கு என்று சேர்ந்தால் வழக்கமான கம்பனிகள் கை கழுவிவிடும். அப்புறம் அதிக ஆபத்துள்ள சாரதிகளுக்கான கம்பனிகள், அதுவும் இல்லையென்றால் கடைசிப் புகலிடமாக ஃபெசிலிட்டி அசோசியேஷன். அந்த இடத்துக்குப் போனவர்கள் மாதக் கட்டணத்தைச் சொல்லும்போது காரின் தவணைப் பணத்தைச் சொல்கிறார்களோ என்று நமக்குச் சந்தேகம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ புதிதாக வந்த ஒருவர் வருடத்துக்கு 3,600 டொலர் கட்டுகிறார் என்று வையுங்கள். டிக்கெட்டால் நூற்றுக்கு 15 ஏறுகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 540, மூன்று வருடத்தில் 1,620. தொடங்கியது 52 டொலர் 50 சதத்தில். இது உதாரணக் கணக்குத்தான், உங்கள் கம்பனியின் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் டிக்கெட்டின் உண்மையான விலை டிக்கெட்டில் எழுதியிருப்பது அல்ல என்பதற்கு இது போதும்.

புதிதாக வந்தவருக்கு இது இன்னும் கனமாக விழும். இங்கே லைசென்ஸ் எடுத்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும், ஊரில் இருபது வருடம் ஓட்டியதைப் பல கம்பனிகள் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் அடிப்படைக் கட்டணமே கூட. அந்தக் கூடின தொகைக்கு மேல்தான் வீதம் ஏறும்.

வீட்டுக்குள்ளும் இது பரவும். அப்பாவின் காரில் ஜி2 மகன் டிக்கெட் வாங்கினால் அது மகனின் லைசென்ஸில்தான் பதியும். ஆனால் அப்பாவின் காப்புறுதியில் மகன் பெயர் சாரதியாக இருந்தால் அந்த வீட்டுக் கட்டணமே ஏறும். மகனை விலக்கி எழுத ஓபிசிஎஃப் 28ஏ என்றொரு படிவம் உண்டு. அதில் கையெழுத்து வைத்த பிறகு மகன் அவசரத்துக்குப் பால் வாங்கப் போய் மோதினாலும் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். பெயர் ஒன்று, ஓடுகிற ஆள் வேறு என்ற நிலையில் வைத்திருப்பதைவிட ஏறின காசைக் கட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கம்பனிக்குப் பொய் சொன்னால், விபத்து நடக்கிற அன்றுதான் அது வெளியே வரும்.

மறித்தால் என்ன செய்வது

ஊரில் பொலிஸ் மறித்தால் நாங்கள் இறங்கி அவர்களிடம் போய்ப் பழகியவர்கள். இங்கே அது கூடவே கூடாது. வலப்பக்கமாக ஒதுங்கி நிறுத்துங்கள். காருக்குள்ளேயே இருங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். கைகள் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். லைசென்ஸ், வாகனப் பதிவு, காப்புறுதிச் சீட்டு மூன்றையும் கேட்கும்போது எடுத்தால் போதும். முன்கூட்டியே குனிந்து தேடத் தொடங்கினால் பின்னால் நிற்பவருக்கு அது வேறு மாதிரித் தெரியும்.

“எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?” என்று கேட்டால் மரியாதையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். “எண்பத்தைந்து இருக்கும் சேர், பிள்ளையைக் கூட்டப் பிந்திவிட்டது” என்பது அவருடைய குறிப்புப் புத்தகத்தில் அப்படியே போகும். கவனிக்கவில்லை, பலகையைக் காணவில்லை என்பது வேகக் குற்றத்துக்கு எதிர்வாதமாகாது. வீதியோரத்தில் வாதாடி யாரும் வென்றதில்லை. பணம் நீட்டுவதைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை.

டிக்கெட்டை வாசிப்பது

வீட்டுக்கு வந்ததும், கோபம் ஆறியதும், ஒரு கோப்பியுடன் அதை முழுதாக வாசியுங்கள். எத்தனை கிலோமீற்றர் எல்லையில் எத்தனையில் போனதாக எழுதியிருக்கிறது? ‘சமூகப் பாதுகாப்பு வலயம்’ என்று குறித்திருக்கிறதா? அப்படியானால் தண்டப்பணம் இரட்டிப்பு. பாடசாலைகள், பூங்காக்கள் அருகே இந்த வலயங்கள் நிறைய.

தண்டப்பணம் எப்படி வந்தது என்பதையும் சரிபார்க்கலாம். நீதிமன்றத்துக்குப் போகாமல் கட்டினால், 19 வரை ஒவ்வொரு கூடின கிலோமீற்றருக்கும் 2 டொலர் 50 சதம். 20 முதல் 29 வரை 3.75. 30 முதல் 49 வரை 6 டொலர். இதன் மேல் பாதிக்கப்பட்டோர் நிதிக்கான மேலதிகக் கட்டணமும் 5 டொலர் நீதிமன்றச் செலவும். 60 வீதியில் 85 என்றால் 25 கிலோமீற்றர் கூட, 93.75. அதோடு 20ம் 5ம் சேர்ந்து 118.75. இந்த வீதம் முழுத் தூரத்துக்கும் பொருந்தும், கடைசிச் சில கிலோமீற்றருக்கு மட்டுமல்ல. அதனால்தான் 29லிருந்து 30க்குப் போகும்போது தொகை ஒரேயடியாகப் பாய்கிறது. எல்லைக்கு மேல் 50 என்றால் கட்டித் தீர்க்கும் வழியே இல்லை, நீதிமன்றம் போயே ஆக வேண்டும்.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை, காரின் நிறம் பிழை என்றால் டிக்கெட் செல்லாது என்று யாராவது சொல்வார்கள். கல்யாண வீட்டில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். நம்பாதீர்கள். அப்படியான சிறு பிழைகளை நீதவான் அங்கேயே திருத்திவிடலாம்.

பதினைந்து நாள்

டிக்கெட் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசுவது, விசாரணை கேட்பது. நான்காவதாக ஒன்றை நம் ஆட்கள் தெரிவு செய்வார்கள், லாச்சிக்குள் போட்டு மறப்பது. அப்படிச் செய்தால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று பதிவாகும், மேலதிகக் கட்டணம் சேரும், கட்டாமல் விட்டால் லைசென்ஸ் நிறுத்தப்படும். அந்தக் கடிதம் நீங்கள் போன வருடம் இருந்த பேஸ்மென்டுக்குப் போய், அங்கே இப்போது இருப்பவர் அதைக் குப்பையில் போட்டிருப்பார். நிறுத்தப்பட்டது தெரியாமலே நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த முறை மறிக்கும்போது அது 1,000 முதல் 5,000 டொலர் வரையான வேறு குற்றம், காப்புறுதியில் பாரதூரமான வகை. வீடு மாறினால் 6 நாளுக்குள் லைசென்ஸில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். இணையத்தில் சில நிமிட வேலை.

நாள் தவறிவிட்டது, தீர்ப்பு பதிவானது இப்போதுதான் தெரிகிறது என்றால், தெரிந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வழக்கை மீளத் திறக்கும்படி விண்ணப்பிக்கலாம். டிக்கெட்டோ அறிவித்தலோ உங்கள் பிழையில்லாமல் கைக்கு வராமல் போயிருக்க வேண்டும்.

கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அதை மட்டும் மனதில் வையுங்கள். இணையத்தில் கார்டு எண்ணைப் போட்டு அழுத்தும் அந்தக் கணத்தில் உங்கள் கன்விக்‌ஷன் பிறக்கிறது.

என் ஆலோசனை, ஏறக்குறைய எல்லோருக்கும், வழக்குத்தொடுநரைச் சந்திக்கக் கேளுங்கள். கட்டணம் இல்லை. பெரும்பாலும் தொலைபேசியிலோ காணொளியிலோ நடக்கும், வேலையிலிருந்து முழு நாள் லீவு எடுக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது பிடிக்காவிட்டால் விசாரணைக்குப் போகும் உரிமை உங்களிடமே இருக்கும்.

அந்தச் சந்திப்பில் என்ன கேட்பது

இங்கேதான் இரண்டு புத்தகம் என்ற விசயம் உண்மையில் உதவும். வழக்குத்தொடுநர் வழக்கமாக முன்வைப்பது வேகத்தைக் குறைத்து ஒப்புக்கொள்ளும்படிதான். அதை ஏற்பதா என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

ஜி2 வைத்திருக்கிறீர்கள், டிக்கெட் 34 கூட என்றால், 29க்கு இறங்கினாலே பெரிய வெற்றி. 4 புள்ளி 3 ஆகும், 30 நாள் நிறுத்தம் தப்பும். ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்டண்ட் குற்றச்சாட்டை 49 கூட என்ற வேக டிக்கெட்டாக மாற்றச் சம்மதித்தால் அது இன்னும் பெரிய வெற்றி. வருடக்கணக்கான நிறுத்தத்திலிருந்தும் காப்புறுதியின் பாரதூர வகையிலிருந்தும் வெளியே வருகிறீர்கள்.

முழு ஜி, பதிவு சுத்தம், டிக்கெட் 22 கூட. அதை 15 ஆக்கித் தருகிறேன் என்கிறார். புள்ளி போகும், தண்டம் குறையும், காப்புறுதிக் கணக்கில் அப்படியே ஒரு சிறிய குற்றம் நிற்கும். உங்களுக்கு உதவக்கூடியது டிக்கெட்டை விலக்கிக்கொள்வது, அல்லது சாரதிப் பதிவில் ஏறாத வேறொன்றாக மாற்றுவது. எளிதில் தரமாட்டார்கள். ஆனால் கேட்பதற்குக் காசில்லை. “என் பதிவு சுத்தமாக இருக்கிறது, காப்புறுதிதான் என் கவலை, பதிவில் ஏறாத வழி ஏதாவது இருக்கிறதா?” என்று நேராகவே கேளுங்கள். வீதிப் பலகைக்குக் கீழ்ப்படியாமை என்று மாற்றித் தருகிறேன் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அதற்கும் 2 புள்ளி உண்டு, அதுவும் கன்விக்‌ஷன்தான். எதை முன்வைத்தாலும் “இது என் சாரதிப் பதிவில் ஏறுமா?” என்று கேட்டபிறகே பதில் சொல்லுங்கள்.

விசாரணைக்குப் போக நினைத்தால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். வீதியோரத்தில் பொலிஸார் குறைத்து எழுதியதை, விசாரணையில் உண்மையாக அளந்த வேகத்துக்கு உயர்த்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம். 2009ல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமே அதற்கு இடமளித்திருக்கிறது. மருமகன் முதல் டிக்கெட்டுக்கு விசாரணை கேட்டிருந்தால் 15 என்று எழுதியது 22 ஆகி, 3 புள்ளியோடு திரும்பியிருக்கவும்கூடும். அதனால் குறைத்து எழுதிய டிக்கெட்டுக்கு முதலில் பேச்சு, விசாரணை யோசித்து.

விசாரணை என்றால் பொலிஸாரின் குறிப்புகளையும் வேகம் அளந்த கருவியைப் பரிசோதித்த விவரங்களையும் முன்கூட்டியே கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் விசாரணை கேட்கும் படிவத்திலேயே குறிப்பிடுங்கள், அதற்குக் காசு இல்லை. ஆங்கிலம் ஓரளவு தெரியும், சமாளிக்கலாம் என்று போய், குறுக்குக் கேள்வியில் தடுமாறுவதைவிட இது நல்லது.

பாராலீகல், அதாவது சட்டத்தரணி அல்லாத, ஆனால் இப்படியான வழக்குகளில் வாதாட அனுமதி பெற்ற ஒருவரை வைப்பதா? முதல் டிக்கெட், 20க்குள் என்றால் நீங்களே பேசிப் பாருங்கள். மூன்று வருடத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது, ஜி2ல் 30க்கு மேல், ஸ்டண்ட், வாகனம் ஓட்டுவதே தொழில் என்றால் ஆள் வைப்பது வீண் செலவல்ல. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் அனுமதி பெற்றவரா என்று சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “நீங்கள் வெற்றி என்று சொல்வது புள்ளி போவதையா, கன்விக்‌ஷன் போவதையா?” வானொலி விளம்பரத்தில் ‘பொயின்ற்ஸ் இல்லை’ என்று சொல்வது எந்தப் புத்தகத்தைப் பற்றியது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

முடிந்த பிறகு

குற்றத்தீர்ப்பு வந்துவிட்டது, சரி. தண்டப்பணத்தை நாளுக்குள் கட்டுங்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் கூடுதல் காலம் கேட்கலாம். சில வாரம் கழித்து மூன்று வருடச் சாரதிப் பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள், 12 டொலர். சரியாகப் பதிந்திருக்கிறதா, தேதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி வழக்கமாக நடுவில் ஏறாது, புதுப்பிக்கும்போதுதான் ஏறும். அதற்கு ஒன்றரை மாதம் முன்னரே தரகர் ஒருவரைப் பிடித்து, டிக்கெட்டை மறைக்காமல் சொல்லி, மற்றக் கம்பனிகளின் விலையைக் கேளுங்கள். ஒரே டிக்கெட்டுக்கு ஒரு கம்பனி முகம் சுளிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. ஏறின கட்டணத்தைப் பார்த்துக் கோபத்தில் காப்புறுதியையே நிறுத்திவிட்டு ஓட்டுவதாக யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே தண்டம் 5,000 டொலரில்தான் தொடங்குகிறது.

கோடையில் மொன்றியலுக்கோ நயாகராவைத் தாண்டி அமெரிக்காவுக்கோ போகிறவர்களுக்கும் ஒன்று. கனடாவின் மற்ற மாகாணங்களிலும், நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களிலும் வாங்கும் வேகக் குற்றத்தீர்ப்பு ஒன்ராறியோவுக்கு வந்து, இங்கே செய்த குற்றம் போலவே உங்கள் பதிவில் ஏறும். எல்லை தாண்டினால் கணக்கில் வராது என்பது பழைய கதை.

மருமகனின் விசயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இனிப் போராட ஒன்றுமில்லை, இரண்டையும் தானே கட்டி ஒப்புக்கொண்டவன். ஒரு தரகர் மூலம் கம்பனி மாற்றி, ஏறினதில் பாதியளவைக் குறைத்துக்கொண்டான். குளிர்பெட்டிக் கதவில் தமிழ்க்கடை தந்த நாட்காட்டி தொங்குகிறது. அதில் இரண்டு தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறான். ஒன்று, முதல் டிக்கெட்டைக் கட்டின நாளுக்கு மூன்று வருடம் முடிவது. மற்றது, இரண்டாவதுக்கு. முதலாவதின் பக்கத்தில், இராகு காலத்துக்கும் மேலே, ‘புறோக்கருக்கு ஃபோன் அடி’ என்று எழுதியிருக்கிறது.